தொழில்நுட்பமும் மூளையும்: கதையாகச் சொல்லும் நூல்களை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இதுதான். நிக்கோலஸ் கார் எழுதிய ‘தி ஷாலோஸ்’ நூலைப் படித்திருக்கிறீர்கள். இணையம் மூளையை மாற்றுகிறது, ஆழ்ந்து படிக்கும் திறனைக் கரைக்கிறது என்று வாதிடும் நூல், 2010இல் வந்தது. கீழே வைக்க முடியாமல் படித்தேன், முடித்ததும் பயமாக இருந்தது என்கிறீர்கள். உளவியல் படித்த நண்பரோ “அதெல்லாம் கதை, அறிவியல் இல்லை” என்று தள்ளிவிட்டார். இந்த வகை நூல்களில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்கிறீர்கள்.

நண்பர் சொன்னது பாதி சரி. ஆனால் கதை இருப்பதுதான் குற்றம் என்று நினைத்தால் அந்தப் பாதியும் வீண். கதைக்கு நூலாசிரியர் என்ன வேலை கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். சில நூல்களில் கதைதான் கேள்வியையே எழுப்புகிறது, அறிவியல் வந்து அதற்குப் பதில் சொல்கிறது. வேறு சில நூல்களில் அறிவியல் சொல்லாத ஒன்றைக் கதையே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறது. இரண்டும் படிக்க ஒரே மாதிரி சுவாரஸ்யமாக இருக்கும் என்பதுதான் சிக்கல்.

நன்றாக அமைந்ததற்கு ஓர் உதாரணத்தை முதலில் சொல்கிறேன். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் மாட் ரிக்டெல் 2014இல் எழுதிய ‘எ டெட்லி வாண்டரிங்’. 2006 செப்டம்பரில் ஒரு காலை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 19 வயது இளைஞன் ஒருவன் வேலைக்குக் காரோட்டிப் போகிறான். கார் நடுக்கோட்டைத் தாண்டுகிறது. எதிரே வந்த காரில் இருந்த விஞ்ஞானிகள் இருவர் இறந்துபோகிறார்கள். என்ன நடந்தது என்றே தெரியவில்லை என்கிறான் பையன். அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போன காவலர், பக்கத்தில் உட்கார்ந்தபடியே அவன் கைபேசியில் செய்தி தட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்கிறார். சந்தேகம் அங்கே தொடங்குகிறது. கைபேசிப் பதிவுகளை வாங்கிப் பார்த்தால், விபத்து நடந்த நேரத்தை ஒட்டியே செய்திகள் போய்வந்திருக்கின்றன.

அப்போது யூட்டாவில் வண்டியோட்டும்போது செய்தி அனுப்பக் கூடாது என்று சட்டமே இல்லை. ஆகவே வழக்கு ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பவன், மனம் வேறெங்கோ இருந்தால் உண்மையிலேயே சாலையைப் பார்க்கிறானா? இது சட்டக் கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளுக்குள் அறிவியல் கேள்வி. பதிலுக்கு ரிக்டெல் தூரமாக அலைய வேண்டியிருக்கவில்லை. அதே மாநிலத்தின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியலாளர் இதைத்தான் பல வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஸ்ட்ரேயர் குழுவின் ஓர் ஆய்வு விபத்து நடந்த அதே 2006இல் வெளிவந்தது. 40 பேரை சிமுலேட்டரில் உட்கார வைத்தார்கள். முன்னால் ஒரு கார் போகும், அவ்வப்போது பிரேக் போடும், பின்னால் வருபவர் இடிக்காமல் ஓட்ட வேண்டும். ஒரு தடவை சும்மா, ஒரு தடவை கைபேசியைப் பிடித்துக்கொண்டு பேசியபடி, ஒரு தடவை கையில் பிடிக்காமல் பேசியபடி, இன்னொரு தடவை ரத்தத்தில் 0.08 சதவீதம் ஆல்கஹால் ஏறும் வரை குடித்துவிட்டு. முன்னால் போன காரை மூன்று பேர் இடித்தார்கள். மூவருமே அப்போது கைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர்கள், குடித்திருந்தபோது யாரும் இடிக்கவில்லை. கையில் பிடித்துப் பேசுவதற்கும் பிடிக்காமல் பேசுவதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிரச்சினை கையில் இல்லை, கவனத்தில் இருக்கிறது என்று காட்டிய ஆய்வு அது. அந்தப் பையனின் வழக்குக்கு இது நேராகப் பொருந்துகிறது. இங்கே கதையை எடுத்துவிட்டாலும் ஆய்வு நிற்கும், ஆய்வை எடுத்துவிட்டாலும் வழக்கு நிற்கும். இரண்டும் சேரும்போது இரண்டுக்கும் வலு கூடுகிறது.

கதை இல்லாவிட்டால் இந்த ஆய்வை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஆய்விதழில் கிடந்திருக்கும், அவ்வளவுதான். அந்த இளைஞன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சட்டமன்றத்துக்கே போய்ப் பேசினான். 2009இல் யூட்டா கடுமையான சட்டம் கொண்டுவந்தது. செய்தி அனுப்பியபடி ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால் 15 ஆண்டு வரை சிறை. (அவனுக்கான தண்டனையில் ‘லே மிசராப்ல’ நாவலைப் படிக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டதும் சேரும். கற்பனை என்றால் நம்பமாட்டோம்.) புள்ளிவிவரம் சட்டமன்றத்தில் அழாது. ஆளைக் கண்முன் நிறுத்துவது இந்த எழுத்துவகையின் முதல் பலம். அதை மலினமான உத்தி என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அதே நூலின் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கவனம் பற்றிய பகுதிகளுக்கு அடியில் பல வருஷ ஆய்வு இருக்கிறது. கைபேசி நம்மை ஏன் இழுக்கிறது என்று டோபமைன் (ஆசை, ஊக்கத்தோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள்), அடிமைத்தனம் பக்கம் நூல் திரும்பும்போது தரை இளகுகிறது. எலிகளிடமும் சூதாடுபவர்களிடமும் ஆராய்ந்து தெரிந்ததிலிருந்து குறுஞ்செய்திக்குத் தாவ வேண்டியிருக்கிறது. அந்தத் தாவலை அறிவியல் அவ்வளவு உறுதியாகச் செய்வதில்லை. நூல் இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறது. கதையில் மூழ்கியிருக்கும் வாசகருக்கு எது கருங்கல், எது களிமண் என்று தெரிய வழியில்லை. ரிக்டெல் பொய் சொல்லவில்லை. கதை தடங்கலில்லாமல் ஓட வேண்டும், “இது கொஞ்சம் நிச்சயமில்லாதது” என்று நாலு பக்கத்துக்கு ஒரு தடவை நின்று சொன்னால் ஓட்டம் கெடும். வடிவமே அப்படித் தள்ளுகிறது.

சரி, உங்கள் நூலுக்கு வருவோம். நிக்கோலஸ் காருடைய பலம் அவர் தன்னிலிருந்து தொடங்குவது. முன்போல் ஒரு நீண்ட கட்டுரையில் மனம் ஒட்டவில்லை, இரண்டு பக்கத்தில் அலைகிறது என்று அவர் சொன்னதும் லட்சக்கணக்கானவர்கள் “எனக்கும் அப்படித்தான்” என்றார்கள். 2008இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை பரவியதே அதனால்தான். அனுபவத்தை அவ்வளவு துல்லியமாகப் பெயரிட்டுச் சொன்னதற்கு மதிப்பு உண்டு. ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்காத கேள்வியைச் சில சமயம் எழுத்தாளர்தான் முதலில் கேட்கிறார். ஆனால் “எனக்கும் அப்படித்தான்” என்பது என்ன நடக்கிறது என்று சொல்லுமே தவிர ஏன் என்று சொல்லாது. வயது, வேலைப்பளு, தூக்கமின்மை, வீட்டில் சின்னக் குழந்தை, எதுவும் காரணமாக இருக்கலாம். நமக்கு நடப்பதும் நூலில் சொல்வதும் ஒத்துப்போன நொடியிலேயே காரணத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

அடுத்தது ஜெர்மன் தத்துவவாதி நீட்சே. நூலில் எல்லோருக்கும் நினைவில் நிற்கும் கதை இதுவாகத்தான் இருக்கும். 1882இல் பார்வை மங்கிக்கொண்டிருந்த நீட்சே ஒரு தட்டச்சுக் கருவி வாங்கினார். டென்மார்க் பாதிரியார் மாலிங்-ஹான்சென் கண்டுபிடித்தது, பந்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்ததுபோல் இருக்கும், மேலே 52 விசைகள். கண்ணை மூடிக்கொண்டும் எழுத முடிந்தது. நண்பர் ஒருவர் அவருடைய நடை இறுக்கமாகிவிட்டதைக் கவனித்து எழுத, நாம் எழுதும் கருவியும் நம் எண்ணங்களை உருவாக்குவதில் பங்குபெறுகிறது என்ற பொருளில் நீட்சே பதில் போட்டார். கருவிக்கு மாறியதும் அவர் எழுத்து வாதங்களிலிருந்து சூத்திரம் போன்ற குறுவாக்கியங்களுக்கு மாறியது என்று ஜெர்மன் ஊடக ஆய்வாளர் பிரீட்ரிஷ் கிட்லர் சொன்னதையும் கார் சேர்த்துக்கொள்கிறார்.

அருமையான கதை. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். நீட்சே குறுவாக்கிய நடைக்கு வந்த நூல் ‘மனிதம், மிகையான மனிதம்’ 1878இல் வெளிவந்தது. அதே பாணியில் ‘விடியல்’ 1881இல். கருவி கைக்கு வந்தது 1882 தொடக்கத்தில். நடை மாறி நாலு வருஷம் கழித்து வந்த கருவி நடையை எப்படி மாற்றும்? அந்தக் கருவியும் பயணத்தில் பழுதாகி, சில வாரங்களிலேயே ஓரமாகப் போனது. நோயும் கண்வலியும் அவரைக் குறுக எழுத வைத்தன என்று சொன்னால் அதற்கு ஆதாரம் தேடலாம். கருவி செய்தது என்பதற்கு நண்பர் கடிதமும் அவர் பதிலும் மட்டும்தான். அந்தப் பதில் உண்மையானது, சுவையானது. அதை வைத்து ஒரு காரண-காரியத்தை நிறுவ முடியாது. ஆண்டுகளைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றாத அளவுக்குக் கதை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இந்த வகை நூல்களில் கச்சிதமான கதை வந்தால் நான் முதலில் ஆண்டுகளைத்தான் வரிசையாக எழுதிப் பார்ப்பேன்.

கார் காட்டும் மூளை ஸ்கேன் படம் இன்னும் தந்திரமானது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் கேரி ஸ்மால் குழு ஓர் ஆய்வு செய்தது. 24 பேர், வயது 55 முதல் 76 வரை. இணையத்தில் தேடிப் பழகியவர்கள் 12 பேர், பழகாதவர்கள் 12 பேர். மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி புத்தகம் போன்ற பக்கத்தைப் படித்தார்கள், பிறகு இணையத் தேடல் போன்ற ஒன்றைச் செய்தார்கள். படிக்கும்போது இரு குழுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி. தேடும்போது பழகியவர்களின் மூளையில், முன்பகுதி உட்பட, கூடுதலான இடங்கள் சுறுசுறுப்பாகின.

இதைக் கார் எப்படிப் படிக்கிறார்? இணையத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் “சொடுக்கலாமா வேண்டாமா” என்று மூளை முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, அந்த உழைப்புதான் ஆழ்ந்த வாசிப்பைத் தடுக்கிறது என்று படிக்கிறார். நியூயார்க் டைம்ஸில் அவர் நூலுக்கு மதிப்புரை எழுதிய ஜோனா லேரர் அதே ஆய்வைக் காட்டி, கூகுள் நம்மை முட்டாளாக்கவில்லை, கவனத்துக்கு வேண்டிய பகுதிக்குப் பயிற்சி கொடுக்கிறது என்றார். ஒரே 24 பேர், ஒரே படங்கள், நேரெதிரான இரண்டு முடிவுகள். ஒரு பகுதி அதிகம் வேலை செய்தால் நல்லதா கெட்டதா என்று ஸ்கேன் சொல்லாது. திணறுகிறவனுக்கும் அதிகம் வேலை செய்யும், ஆர்வமாக இருப்பவனுக்கும் செய்யும். அந்தப் பதிலை எழுத்தாளர் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார். இதைப் புரிந்துகொண்டால் இந்த வகை நூல்களில் பாதியைச் சரியாகப் படித்துவிடலாம்.

ஸ்கேனில் இன்னொரு கூத்தும் உண்டு. கிரெய்க் பென்னட் குழு 2009இல் செத்த சால்மன் மீனை ஸ்கேன் கருவியில் வைத்து, மனிதர்கள் பழகும் படங்களைக் “காட்டி”, மீன் மூளையில் “செயல்பாடு” கண்டுபிடித்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது தற்செயலாகச் சில புள்ளிகள் ஒளிரும், அதற்குரிய திருத்தக் கணக்கைப் போடாவிட்டால் பிணமும் சிந்திக்கும் என்று காட்டவே அதைச் செய்தார்கள். சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2012இல் அதற்குக் கிடைத்தது. நாம் படிக்கும் நூல்களில் “மூளையில் இன்ன பகுதி ஒளிர்ந்தது” என்று ஒரு வரியில் போகும் சங்கதிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

லேரரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகை எழுத்தின் செல்லப்பிள்ளையாக இருந்தவர். 2012இல் வந்த ‘இமாஜின்’ நூலில் பாடகர் பாப் டிலன் சொன்னதாக எழுதிய சில வரிகள் எங்கேயும் இல்லாதவை என்று செய்தியாளர் மைக்கேல் மொய்னிஹன் கண்டுபிடித்தார். லேரர் நியூயார்க்கர் இதழிலிருந்து விலகினார், பதிப்பாளர் நூலைத் திரும்பப் பெற்றார். அடுத்த வருஷம் இன்னொரு நூலும் திரும்பப் போனது. எல்லோரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒரு மேதை, ஒரு திருப்பம், ஒரு மூளைப்பகுதி என்று கச்சிதமாக வந்து விழ வேண்டும் என்ற கெடுபிடி இருந்தால், உண்மை ஒத்துழைக்காத இடத்தில் கை தானாக நீளும்.

லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் கதையும் அடிக்கடி வரும். 2000இல் எலினோர் மக்வயர் குழு 16 ஓட்டுநர்களை ஸ்கேன் செய்து, மூளையில் இடங்களையும் வழிகளையும் நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதைக் கண்டது. நல்ல ஆய்வு, பிறகு 2011இல் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தும் உறுதிசெய்தார்கள். 79 பயிற்சியாளர்களில் தேர்ச்சி பெற்ற 39 பேரிடம் மட்டும் அந்த வளர்ச்சி. ஆனால் அவர்கள் வருஷக்கணக்கில் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்தவர்கள். அதிலிருந்து “ஆகவே தினம் அரை மணி நேரம் ரீல்ஸ் பார்த்தால் உன் மூளையும் உருமாறும்” என்று இறங்குவதற்குப் படிக்கட்டு இல்லை. மூளை மாறும் என்பது மட்டும் செய்தி ஆகாது. எதைக் கற்றாலும் மூளையில் ஏதோ மாறத்தான் செய்யும், கற்றது கணையத்தில் போய்ச் சேருவதில்லை என்று உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் 2010இல் கிண்டலடித்தது இதைத்தான். கிண்டல் சரி. ஆனால் மாற்றம் எவ்வளவு, எந்தப் பக்கம் என்ற காருடைய கேள்விக்கு அது பதில் இல்லை. விமர்சகர்களும் சுலபமான இடத்தில் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

காலம் இன்னொரு பிரச்சினை. நூல் அச்சில் உறைந்துவிடும், ஆய்வு நகர்ந்துகொண்டே இருக்கும். தகவல் கணினியில் கிடைக்கும் என்று தெரிந்தால் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று பெட்ஸி ஸ்பாரோவும் உடனாளர்களும் 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். “கூகுள் விளைவு” என்ற பெயரோடு அது மேடை மேடையாக ஏறியது. 2018இல் இரு பெரும் இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளை ஒரு பெரிய குழு திரும்பச் செய்து பார்த்தது. 13 தேறின. ஸ்பாரோ கட்டுரையின் முதல் சோதனை, கடினமான கேள்வி கேட்டதும் மனம் கணினியை நினைக்கிறது என்பது, தேறவில்லை. கட்டுரை முழுவதும் பொய் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் 2012இல் அச்சான ஏதோ ஒரு நூலில் அது இன்னும் கம்பீரமாக நின்றுகொண்டிருக்கும்.

தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரனிடம் இந்த வகையின் இரண்டு முகத்தையும் ஒரே ஆளில் பார்க்கலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கை துண்டிக்கப்பட்டவருக்கு இல்லாத கை வலிக்கும், இறுகிக்கொண்டு விரியாது. ராமச்சந்திரன் ஒரு பெட்டியில் கண்ணாடி வைத்து, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். பிம்பம் விரல்களை விரித்ததும் சிலருக்கு இல்லாத கையின் இறுக்கமும் தளர்ந்தது. 1998இல் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் எழுதிய ‘ஃபேன்டம்ஸ் இன் தி பிரெய்ன்’ நூலில் இது வரும். படிக்கும்போதே நாமும் செய்து பார்க்கலாமா என்று தோன்றும். அங்கே சோதனையே கதையாக இருக்கிறது, மற்றவர்கள் திரும்பச் செய்யவும் முடிந்தது. 2007இல் போரில் கால் இழந்த அமெரிக்க வீரர்களிடம் ஒரு சின்ன ஆய்வு செய்து வலி குறைவதைக் கண்டார்கள். அதே ராமச்சந்திரன், உயிரியலுக்கு டிஎன்ஏ செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நியூரான்கள் (ஒன்றைத் தானே செய்தாலும் பிறர் செய்வதைப் பார்த்தாலும் இயங்கும் நரம்பணுக்கள்) செய்யும் என்று 2000இல் எழுதினார். இத்தாலியின் பார்மாவில் குரங்குகளிடம் கண்ட ஒரு நரம்பணு வகையிலிருந்து மொழி, பரிவு, நாகரிகம் வரை போய்விட்டார். அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை. கிரெகரி ஹிக்கோக் 2014இல் அதை மறுத்து ஒரு நூலே எழுதினார். சொல்லும் குரல் இரண்டிலும் ஒன்றுதான், அதே ஈர்ப்பு, அதே நகைச்சுவை. நடையை வைத்து எது நிற்கும், எது நிற்காது என்று பிரிக்கவே முடியாது.

நான் படிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கதையை முதல் தடவை கதையாகவே படிப்பேன், ரசிப்பதில் தப்பில்லை. அப்புறம் பின்பக்கக் குறிப்புகளுக்குப் போய், எந்த வாதத்தின் மேல் நூல் நிற்கிறதோ அதற்கு மட்டும் ஆய்வு எது என்று தேடுவேன். எத்தனை பேர், யார், எந்த ஆண்டு, யாராவது திரும்பச் செய்தார்களா. வாதத்தின் முதுகெலும்பே 24 முதியவர்களும் ஒரு ஜெர்மன் தத்துவவாதியின் கடிதமும் என்றால் குரலைப் பத்து மடங்கு குறைத்துக் கேட்பேன். “மூளை” என்ற சொல்லை எடுத்துவிட்டு “பழக்கம்” என்று போட்டுப் படித்தாலும் வாக்கியம் அதையேதான் சொல்கிறது என்றால், மூளை அங்கே அலங்காரத்துக்கு வந்தது. காருடைய பல பக்கங்கள் இப்படிப் படித்தாலும் நன்றாகவே நிற்கின்றன. வாசிப்பின் வரலாறு பற்றிய அத்தியாயங்களுக்கு ஸ்கேன் தேவையே இல்லை, நூலில் எனக்குப் பிடித்தவையும் அவைதான். கைபேசிச் சேவை இல்லாத கொலராடோ மலைப்பக்கம் குடிபோய்த்தான் நூலை எழுதினேன் என்றும், முடித்ததும் பழைய பழக்கம் திரும்பி வந்தது என்றும் அவரே ஒப்புக்கொள்ளும் பகுதி எந்த மூளைப்படத்தையும் விட நேர்மையானது.

நண்பரிடம் வாதம் செய்வதானால் ரிக்டெலின் நூலைக் கொடுங்கள், முதலில் ஸ்ட்ரேயர் வரும் அத்தியாயங்களைப் படிக்கச் சொல்லுங்கள். ‘தி ஷாலோஸ்’ திரும்பப் படிப்பதாக இருந்தால் 2020 பதிப்பை எடுங்கள், ஸ்மார்ட்போன்கள் வந்த பிறகு நடந்ததைப் பற்றிய புதிய பின்னுரை அதில் இருக்கிறது. அதில் அவர் காட்டும் ஆய்வுகளையும் இதே மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.